பதினோரு நாள் தண்ணீர்

அனிஷாவின் மடிக்கணினி எட்டாம் வரிசையைத் தேர்ந்து கொடுத்தபோது ரெக்சன் அந்த எண்ணை இரண்டு முறை படித்தார். பயத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, சாக்பீஸ் டப்பாவைக் கையில் எடுத்தார்.

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகும் சாலையில், உப்பளங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு விமானப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பெரிய விமானம் எதுவும் அங்கே வராது. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள் ஏழெட்டு, காலையும் மாலையும் தும்பிகள் மாதிரி ஏறி இறங்கும். அவை நிற்பதற்கென்று போட்ட கான்கிரீட் தளம் பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபது ஸ்லாப். ஆக மொத்தம் இருநூற்று நாற்பது. ரெக்சனுக்கு அத்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தளத்தைப் போட்ட கம்பெனியில் அவர்தான் லேப் டெக்னீசியன். வேலை முடிந்து கம்பெனி மூட்டை கட்டியபோது, மண்ணு தெரிஞ்ச ஆளு என்று பயிற்சி நிலையத்தார் அவரை இங்கேயே பராமரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது நாற்பத்தேழு வயது, முன்மண்டையில் முடி இல்லை, காதோரம் நரை.

போன மழைக்குப் பிறகு தளத்தில் சில்லுகள் பெயரத் தொடங்கின. பெயர்ந்த சில்லு ஒன்று சுழலும் காற்றாடியில் பட்டால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலையத்தின் மேலாளர் ஷாம், விரிசல்களைப் பார்த்து அறிக்கை கொடுக்க நாகர்கோவிலிலிருந்து ஒரு பரிசோதனை நிறுவனத்தை வரவழைத்தார். அவர்கள் அனுப்பிய என்ஜினியர்தான் அனிஷா. இருபத்தெட்டு வயது. அந்த வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாத பெண்.

இந்த வேலை, தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு வேலையாகவே தோன்றாது. தொலைத்த மோதிரத்தைத் தேடுகிற மாதிரி இரண்டு பேர் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். ஒவ்வொரு ஸ்லாப்பிலும் விரிசல் மூலையில் இருக்கிறதா, நடுவில் ஓடுகிறதா, ஓரம் உதிர்கிறதா என்று பார்ப்பார்கள். கோடு போட்ட கண்ணாடி அட்டையை விரிசல் மேல் வைத்து அகலம் எடுப்பார்கள். கனத்த இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டே போய்க் காது கொடுப்பார்கள். திடமான கான்கிரீட்டில் சங்கிலி கணீரென்று பேசும், உள்ளே பிளந்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும். கடைசியில் சேதம் லோ, மீடியம், ஹை என்று மூன்றில் ஒன்றைத் தாளில் குறிப்பார்கள். இருநூற்று நாற்பதையும் பார்க்க வேண்டியதில்லை. கணினி குலுக்கிப் போடும் நாலு வரிசையைப் பார்த்தால் மொத்தத் தளத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் சாஸ்திரம்.

ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் விழக் கூடாது என்று ரெக்சன் முந்தின நாள் பூசையில் வேண்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாகவே அந்த மூன்று வரிசைகளின் மேல் அவருக்கு ஒரு சந்தேகம். இரண்டு, ஐந்து, எட்டு, பதினொன்று என்று விழுந்தது. மாதாவுக்கும் அன்று வேறு அவசர வேலை இருந்திருக்கும்.

இரண்டாம் வரிசையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஐந்தில் மூலை உடைந்தவை மூன்று. எட்டாம் வரிசைக்கு வந்ததும் அனிஷாவின் நடை மெதுவாகியது. ஸ்லாப்கள் சேரும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அதற்கு இணையாகவே விரிசல்கள் ஓடின. சில விரிசல்களின் வாயில் வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி துருக்கறை. சங்கிலியை இழுத்தால் சத்தம் எழும்பவே இல்லை. இருபதில் பதின்மூன்றுக்கு அவள் ஹை போட்டாள். பிறகு, சீட்டில் விழாத ஏழையும் ஒன்பதையும் தானாகவே போய்ப் பார்த்தாள். அங்கும் அதே கதை. ஆறாம் வரிசையும் பத்தாம் வரிசையும் சுத்தமாக இருந்தன.

இந்த மூன்று வரிசையும் போட்ட நாட்களில் ஏதாவது நடந்ததா என்று அவள் கேட்டாள். ரெக்சன் ஞாபகமில்லை என்றார். பச்சைப் பொய். அந்த நாட்களில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பது வரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த வாரம் உருளை உருளையாகத் துளைத்து எடுத்துப் பார்த்தார்கள். ஸ்லாப்புக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே, உள்ளுக்குள் வழுவழுப்பான இரும்புக் கம்பிகள் உண்டு. டவல் கம்பி என்பார்கள். பகலில் ஸ்லாப் நீளும், இரவில் சுருங்கும். அந்த இழுபறிக்குக் கம்பி வழுக்கிக் கொடுக்க வேண்டும். எட்டாம் வரிசையின் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. கம்பி நகர மறுத்தால் கான்கிரீட் கிழியாமல் என்ன செய்யும்? காரணம் உப்பு என்று லேப் சொன்னது. கடல்காற்று கொண்டுவந்த உப்பு என்றால் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்க வேண்டும். இதுவோ மேலிருந்து அடிவரை ஒரே அளவு. கலக்கும்போதே தண்ணீரோடு உள்ளே போன உப்பு.

தளம் போட்ட கம்பெனிக்குத் தகவல் போனது. அவர்கள் பழைய கோப்புகளைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்று வரிசைக்கும் பதினோரு நாள் தண்ணீர் அடித்தது மாசானம் என்ற டேங்கர்காரர். ஒவ்வொரு நடைக்கும் அவர் கொடுத்த சீட்டின் தலைப்பிலேயே ‘ஆற்றுத் தண்ணீர்’ என்று அச்சாகியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் என்று சீட்டைக் கொடுத்துவிட்டு எங்கேயோ உப்புத் தண்ணீரை ஏற்றி வந்திருக்கிறார் என்று கம்பெனி ஒரே வரியில் முடித்துவிட்டது. மாசானம் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் போலீசுக்குப் போகமாட்டோம்; பரிசோதனை அறிக்கையிலும் அதையே காரணமாக எழுதினால் மூன்று வரிசையையும் உடைத்துப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றது. ஷாமுக்கு இதைவிட நல்ல சேதி ஏது? கம்பெனிக்குப் பேர் தப்பும், நிலையத்துக்குத் தளம் கிடைக்கும். மாட்டிக்கொண்டது மாசானம் மட்டும்தான்.

மாசானம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊர்க்காரர். இரண்டு டேங்கரை வைத்துத் தூத்துக்குடித் தெருக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் குடிதண்ணீர் அடிக்கிறார். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. குடத்தை நீட்டுகிற பெண்கள் யாரும் நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குவதில்லை, அவர் வண்டி என்றால் போதும். அப்படிப்பட்டவர், உப்புத் தண்ணீரை ஆற்றுத் தண்ணீர் என்று விற்ற ஆள் என்று ஒரு தாள் கிளம்பினால் அதோடு தீர்ந்தது. அறுபதை நெருங்கும் வயதில் ‘உப்புத் தண்ணி மாசானம்’ என்று பேர் வாங்குவார். ரெக்சனுக்குத் தூக்கம் போனது இதனால்தான். அந்தத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று அடித்துச் சொன்னது மாசானம் இல்லை. ரெக்சன்.

ரெக்சன் வேம்பாருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பிறந்தவர். அப்பா வள்ளத்தில் மீனுக்குப் போனவர். ரெக்சனுக்கு வள்ளத்தில் ஏறினாலே குடல் வாய்க்கு வரும். மூன்று முறை ஏறி, மூன்று முறையும் வாந்தியெடுத்து, அண்ணன்மார் செய்த கேலி தாங்காமல் சிவில் டிப்ளமோ படிக்கப் போனார். அந்த ஊர்க் கோயிலுக்குப் பின்னால் மாதா கிணறு என்று ஒன்று உண்டு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படியொரு நல்ல தண்ணீர் சுரப்பது மாதா செய்த புதுமை, அதாவது அற்புதம், என்பது ஊரின் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்கும் அந்தத் தண்ணீர்தான், சாகக் கிடக்கிறவருக்கும் அந்தத் தண்ணீர்தான். சுற்றிலும் உப்பளங்களும் இறால் பண்ணைகளும் பெருகியதில் அது வருஷத்துக்குக் கொஞ்சமாக உவர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே நாளில் உவர்த்திருந்தால் ஊரே கூச்சல் போட்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உவர்த்ததால் ஊரின் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. வெளியூர்க்காரர் யாராவது ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தால், ஊர் மாமியாரைக் குறை சொல்லிவிட்ட மாதிரி முறைக்கும்.

ரெக்சனின் மனைவி டயானா தூத்துக்குடி டவுன்காரி. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, குசினியில் நின்று முதல் காப்பியைக் குடித்தவள், சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். மூன்று மாதம் அம்மா வீட்டிலிருந்து அவளுக்குக் கேனில் தண்ணீர் வந்தது. நாலாம் மாதம் அவளுக்கும் பழகிவிட்டது. அப்போதாவது ரெக்சன் யோசித்திருக்கலாம். பெண்டாட்டிக்கு ஊர் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாரே தவிர வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் கடைக் கேன் தண்ணீரைக் கொடுத்தால் சப்பென்று இருக்கிறது என்று தள்ளிவைப்பார்.

தளம் போட்ட அந்த மே மாதத்தில் மழையும் இல்லை, ஆற்றிலும் சொல்லிக்கொள்ளும்படி தண்ணீர் இல்லை. கடைமடை வயல் காய்கிறது, லாரியில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று விவசாயிகள் கரையில் மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். மறித்தவர்களில் மாசானத்தின் சொந்த மச்சினனும் ஒருவன். மாசானம் காலி டேங்கரோடு சைட்டுக்கு வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இங்கே ஏழாம் வரிசைக்குப் பலகை அடித்துக் கம்பியும் வைத்தாயிற்று. அவர் முகத்தைப் பார்க்க ரெக்சனுக்குப் பாவமாக இருந்தது. எங்கள் ஊர்க் கிணறு இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை என்று, தானே முன்சீட்டில் ஏறி வழிகாட்டிக் கூட்டிப்போனார். உதவிதான் செய்தார். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் டேங்கர் நிறைந்ததும் மாசானம் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த வாய். உடனே துப்பினார்.

“சார், இது கரிக்கி,” என்றார்.

ரெக்சன் ஒரு செம்பு நிறைய வாங்கி, நின்ற இடத்தில் முழுவதையும் குடித்துக் காட்டினார்.

“என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? எங்க ஊர்ல பச்சப்பிள்ளைக்கும் இதத்தான் குடுக்கோம். இது நல்ல தண்ணி. நான் சொல்லுதேன்லா, ஏத்துங்க.”

முறைப்படி அந்தத் தண்ணீரில் மருந்து விட்டுப் பார்த்து, உப்பின் அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மருந்து தீர்ந்து, கடையில் சொல்லிவைத்து இரண்டு வாரமாகியும் வரவில்லை. சைட் என்ஜினியர் ஏசுவடியான், குடித்துப் பார்த்தாயா என்று கேட்டார். குடித்தேன் சார், அருமையான தண்ணீர் என்றார் ரெக்சன். அப்படியானால் போன வார அளவையே எழுதிவிடு என்றார் அவர். ரெக்சன் எழுதினார், ஏசுவடியான் கையெழுத்துப் போட்டார். இப்படிப் பதினோரு நாள். கலவைக்கும் அந்தத் தண்ணீர், இறுகிய ஸ்லாப்பின் மேல் பாத்தி கட்டி நிறுத்தவும் அந்தத் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் மறியல் முடிந்து, பத்தாம் வரிசையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் வந்தது. ஏசுவடியான் கொரோனா ஆண்டில் இறந்துபோனார். கிணற்றடியில் பேசிக்கொண்டதற்கு ரெக்சனையும் மாசானத்தையும் விட்டால் வேறு சாட்சி இல்லை.

இதையெல்லாம் ரெக்சன் முதலில் அனிஷாவிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. ஞாபகமில்லை என்று சொன்னீர்களே என்று குத்திக்காட்டவும் இல்லை. அவரோடு பைக்கில் போய் மாதா கிணற்றில் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே கம்பி உள்ள கான்கிரீட்டுக்குச் சொல்லியிருக்கும் அளவைப்போல் மூன்று மடங்கு உப்பு இருந்தது. ஆனால் இன்றைய தண்ணீரை வைத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின தண்ணீர் இப்படித்தான் இருந்தது என்று அவளால் எழுத முடியாது. தண்ணீர் எடுத்த இடத்தைச் சைட்டில் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிக்கையின் வரைவில் ஒரு வரி மட்டும் சேர்த்தாள். அவளுடைய மேலதிகாரி அந்த வரியை அடித்து அனுப்பினார். ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

“விரிசல் எவ்வளவு அகலம்னு எழுத எங்க தாள்ல இடம் இருக்கு அண்ணா,” என்றாள் அவள். “யாரு நாக்குன்னு எழுத இடம் இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

பிறகு ரெக்சன் ஷாமிடம் போனார். ஷாம் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டதும், பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று நீங்கள் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா என்று நிதானமாக விளக்கினார். ஒரு பக்கம் பொய் என்றால் எல்லாப் பக்கமும் பொய்யாக இருக்கலாம். பன்னிரண்டு வரிசையிலும் கேள்வி வரும். தளத்தையே மூடச் சொல்வார்கள். இங்கே படிக்கிற அறுபது பிள்ளைகள் எங்கே போவார்கள்? இறந்துபோன மனிதரின் கையெழுத்தும் சந்திக்கு வரும். அவர் வீட்டம்மா இன்னும் இருக்கிறார்கள். ரெக்சன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாசானம் சொன்னார் சார், நான்தான் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

ஷாமுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு உப்புத் தண்ணீர் எப்படித் தெரியாமல் போகும்? ரெக்சன் யாரையோ காப்பாற்றக் கதை கட்டுகிறார் என்றே அவருக்குப் பட்டது. மேசையில் அனிஷா வைத்துவிட்டுப் போன கிணற்றுத் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அவர் எழுந்து, ரெக்சனுக்குத் தெரியாமல் ஒரு கண்ணாடித் தம்ளரில் அதை ஊற்றினார். இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டையும் முன்னால் வைத்து, எது நல்ல தண்ணீர் என்று சொல்லச் சொன்னார்.

ரெக்சன் முதல் தம்ளரை ஒரு மடக்குக் குடித்தார். சப்பென்று இருந்தது. இரண்டாவதைக் குடித்தார். வீட்டில் குடிக்கிற மாதிரி இருந்தது. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று மறுபடியும் இரண்டையும் ருசி பார்த்தார். தன் நாக்கு தன்னைக் கைவிடப் போகிறது என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லியது. ஆனால் நாக்கு சொன்னதைத்தானே சொல்ல முடியும்? இரண்டாவதைக் கைகாட்டினார்.

ஷாம் அந்தத் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொல்றது உண்மைதான் ரெக்சன். இப்ப நம்புறேன்,” என்றார். “ஆனா இதப் போய் நல்ல தண்ணின்னு சொல்ற ஒருத்தரோட சாட்சிய எந்த விசாரணைக் கமிட்டி எடுத்துக்கும்? நீங்களே சொல்லுங்க.”

ரெக்சனுக்கு அழுகை வந்தது. நாற்பத்தேழு வயதில் மேலாளர் முன்னால் அழ முடியாது என்பதால் தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கணத்தில் அவருக்குத் தன் நாக்கைப் பிடுங்கி வீசிவிட வேண்டும் போல் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து டயானாவிடம் சொன்னார். வேலை போகுமா என்று மட்டும் அவள் கேட்டாள். போகலாம் என்றார். அவள் உள்ளே போய்ப் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்ட தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்து வைத்தாள். மூன்று பக்கம் எழுதினார். கிணற்றுக்குக் கூட்டிப்போனது நான், மாசானம் தடுத்தும் ஏற்றச் சொன்னது நான், அது உப்புத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று எழுதினார். டயானா படித்துப் பார்த்து, நாலு இடத்தில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தாள். கமிட்டி எடுக்காவிட்டால் போகட்டும், இந்தக் கடிதம் மாசானத்தின் கையில் இருந்தால் அந்த ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் தைரியமாக மறுக்கலாம். அவர் மறுத்துவிட்டால் கம்பெனியின் கதை நிற்காது. ரெக்சனிடம் மிச்சமிருந்த ஒரே வழி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறினார். தூத்துக்குடியில் மாறி, ஆற்றங்கரை ஊரில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. வழியெல்லாம் வாழையும் நெல்லும் பச்சையாக நின்றன. மாசானத்தின் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வேப்பமரத்தடியில் இரண்டு டேங்கர்கள் நின்றன. ஒன்றின் மேல் ஏணியைச் சாய்த்து, மாசானம் கையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக நின்றுகொண்டிருந்தார். டேங்கரின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்குப் பெரிதாக ‘ஆற்றுத் தண்ணீர்’ என்று எழுதியிருந்ததை வெள்ளை அடித்து அழித்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு எழுத்து அழிந்திருந்தது.

அவர் ரெக்சனைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கோபம் எதுவும் இல்லை. மனைவி இசக்கித்தாயைக் கூப்பிட்டு, சாப்பாடு வைக்கச் சொன்னார். ரெக்சன் சாப்பாடு இருக்கட்டும் என்று கடிதத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

“நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் தம்பி,” என்றார் மாசானம். “ஆத்துத் தண்ணின்னு இனிமே வண்டியில எழுதியிருக்கக் கூடாதாம். அதான் அழிக்கேன்.”

ரெக்சனின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு நாள். சனிக்கிழமையே கிளம்பியிருக்கலாம்.

“ஏன் அண்ணாச்சி? நீங்கதான கரிக்கின்னு சொன்னிய? நான்லா கேக்கல. போலீசுக்குப் பயந்தா போட்டிய?”

மாசானம் பிரஷை டப்பாவின் குறுக்கே வைத்துவிட்டு, கையிலிருந்த பெயிண்டைத் துண்டில் துடைத்தார். போலீசு வந்தால் வரட்டும் என்றுதான் முதலில் இருந்தேன் என்றார். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்களாம். அதில் ஒரு வார்த்தை இருந்ததாம். தெரிந்தே ஏற்றி வந்தேன் என்று.

“மொத நாளு கரிச்சுது. ரெண்டாம் நாளும் கரிச்சுது. நானும் அங்கனயே கெடந்து, அதையே குடிச்சு, அதுலயே கஞ்சி வச்சேன். ஆறாம் நாளு எனக்கே கரிக்கல தம்பி. சரி, சார் சொன்னது நெசந்தான் போலன்னு விட்டுட்டேன். பொறவு மறியல் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஒரு செம்பு ஆத்துத் தண்ணி குடிச்சா, சப்புன்னு இருக்கு. அப்பத்தான் பயந்துபோனேன். ஒங்ககிட்ட வந்து சொல்லணும்னு நெனச்சேன். வாரம் ஆச்சு, மாசம் ஆச்சு, சொல்லல.”

ரெக்சன் குறுக்கே பேசப் போனார். மாசானம் கையமர்த்தினார்.

“ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க நாக்கு அப்படி. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத் தெரிஞ்சுதே? மொத கை அள்ளும்போதே தெரிஞ்சுது. தெரிஞ்சுதான பதினோரு நாளு ஏத்திக்கிட்டு வந்தேன்? அந்த வார்த்தை பொய்யின்னு நான் எப்படிச் சொல்ல?”

பையிலிருந்த மூன்று பக்கத்திலும், எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்றுதான் அவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை இந்த மனிதர் கையில் கொடுத்தால், இவர் போட்ட கையெழுத்து சரிதான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அவர் வெறும் கையை வெளியே எடுத்தார்.

மாசானம் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். மேல் படியில் கால் வைத்ததும் ஏணி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

“கொஞ்சம் புடிச்சுக்கிடுங்க தம்பி,” என்றார்.

ரெக்சன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாசானம் மூன்றாம் எழுத்தை அழிக்கத் தொடங்கினார்.